சான் ரோக்கே படை

சான் ரோக்கேயில் ஆண்பிள்ளை என்று பிறந்த எல்லோருமே தோன்கள்தான். மெக்சிகோவுக்கு வடக்கே எல்லைப்புறத்தில் போய்க் குடியேறி, ஐந்து வருஷம் சாகாமல் இருந்து காட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஸ்பெயின் ராஜா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். கொடுப்பதில் ராஜாவுக்குச் செலவில்லை. வாங்கிக்கொள்வதில் இவர்களுக்கும் சிரமமில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிரியாக்கோ தோன் சிரியாக்கோ ஆனான். வில்லா என்ற பெரிய ஊரில் கசாப்புக் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தியோனீசியோ தோன் தியோனீசியோ ஆனான். பதினோரு மண்வீடும் பாதிக் கூரை போட்ட ஒரு கோயிலும் இருந்த ஊரில் பதினோரு தோன்கள். பட்டம் பாக்கியிருந்தது ஊர்ப் பொதுக் கோவேறு கழுதைக்கு மட்டும்தான்.

இவர்களில் மூத்த தோன் மெல்ச்சோர் அனாயா. அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, தாத்தா விட்டுப்போன துப்பாக்கி. அதன் விசை உடைந்து பச்சைத் தோல்வாரால் கட்டியிருந்தது. குறி பார்க்கலாம், தோளில் சாத்தலாம், சுட மட்டும் முடியாது. இரண்டாவது, பட்டம் வந்த நாளிலிருந்து அவர் மண்வெட்டியைத் தொட்டதில்லை. தொட்டால் பட்டம் தங்காது என்றார். "யாரு சொன்னா?" என்று அவர் மனைவி பெத்ரொனீலா கேட்டதற்கு, "இதெல்லாம் ரத்தத்துல தெரியறது" என்று பதில் சொன்னார். பெத்ரொனீலாவின் ரத்தத்துக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே ஆற்றிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்டியது அவள். கரை உடையும்போது அடைத்தது அவள். கோதுமை விதைத்ததும், பீன்ஸ் கொடிக்குக் கொம்பு நட்டதும், மிளகாய்க்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டதும் அவள்தான். மெல்ச்சோர் வரப்பில் நின்று அது தன் நிலம் என்று பார்ப்பார். அதுவும் ஒரு வேலைதான் என்பது அவர் கட்சி.

அவளுக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. இங்கே வருவதற்கு முன் வில்லாவில் மெல்ச்சோருடைய அண்ணன் வீட்டின் பின்கட்டில் அவள் சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு அரைத்து அரைத்து முழங்கால் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. ஓரகத்தி ரொட்டியை விரல்விட்டு எண்ணி வைத்துவிட்டுப் பூசைக்குப் போவாள். வந்ததும் மறுபடி எண்ணுவாள். இப்போதுகூட மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கும்போது பெத்ரொனீலாவுக்கு ஓரகத்தியின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

நிலம் கொடுத்ததில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆயுதம் வைத்துக் காக்கத் தெரிந்தவனுக்குத்தான் எல்லை நிலம். மேலதிகாரி ஒருவர் வருவார், ஆளையும் ஆயுதத்தையும் பார்ப்பார், திருப்தி என்றால் ஊர் நிலைக்கும். இல்லையென்றால் ஊரைக் கலைத்துவிடுவார்கள். வந்தவர்கள் வந்த வழியே போகவேண்டியதுதான். பெத்ரொனீலாவுக்கு வந்த வழி என்பது அந்தப் பின்கட்டு.

கோதுமை கதிர் பிடிக்கிற சமயத்தில் செய்தி வந்தது, அதிகாரி அடுத்த வாரம் வருகிறார் என்று. தோன்கள் எல்லோரும் மெல்ச்சோர் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். பெத்ரொனீலா சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். சிரியாக்கோவின் மனைவி தொமாசாவும் உதவிக்கு வந்திருந்தாள். தொமாசா பிறந்தது சமவெளியில், வேறொரு கூட்டத்தில். சிறு வயதில் பிடித்துக்கொண்டு வந்து, விற்று, தலையில் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்தார்கள். பெயரை ஏற்றுக்கொண்டாள், மற்றதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல துப்பாக்கி எத்தனை இருக்கு?" என்றாள் பெத்ரொனீலா.

"இருக்கறதைக் கேக்கறியா, இருக்கவேண்டியதைக் கேக்கறியா?" என்றார் மெல்ச்சோர்.

"சுடறதைக் கேக்கறேன்."

தியோனீசியோ கஞ்சியைச் சத்தமாக உறிஞ்சினான்.

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. கோயிலுக்குப் பின்னால நின்னுக்கிட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இருக்கற ஒரே துப்பாக்கியை வாங்கிட்டுப் போங்க. நாலு பேரு துப்பாக்கியோட போனாப் போதும். மத்தவங்க ஈட்டி. ஏதோ ஏழை ஊரு, ஆனா ஒழுங்கா இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு அவரு போயிடுவாரு."

"யோசனை நல்லாத்தான் இருக்கு," என்றான் சிரியாக்கோ. "எந்த நாலு பேரு?"

அங்கேதான் யோசனை கெட்டது. ஈட்டி பிடிக்க ஒருவரும் தயாராக இல்லை.

"ஈட்டிங்கறது கூலிக்காரன் பிடிக்கறது, ஓய்," என்றான் தியோனீசியோ. "நான் ஈட்டியோட நின்னேன்னு என் மாமனார் வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"உன் மாமனாரு செத்து மூணு வருஷமாச்சு," என்றாள் தொமாசா.

"செத்தா மட்டும் மரியாதை போயிடுமா?"

மெல்ச்சோர் கையை உயர்த்தினார். "தோன்னா துப்பாக்கி. பதினோரு தோன், பதினோரு துப்பாக்கி. இதுல குறைச்சுக் காட்டினா நமக்கு அவமானம் இல்ல, ராஜாவுக்கு அவமானம்."

"ஒரு ஊர்ல எல்லார் கையிலயும் துப்பாக்கி இருந்தா அவரு சந்தேகப்படமாட்டாரா?" என்றாள் பெத்ரொனீலா.

"மரியாதைப்படுவார்," என்றார் மெல்ச்சோர்.

அதிகாரி தோன் கஸ்பார் உர்ரிசோலா தன் நாற்காலியைத் தானே கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லைப்புறத்து ஊர்களில் நாற்காலி இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கோயிலுக்கு முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்தார். தலையில் மாவு தூவிய பொய்முடி. வெயில் ஏற ஏற மாவு வியர்வையில் ஊறிக் காதோரமாகப் பிசைந்த பதத்தில் இறங்கியது. பக்கத்தில் அழுக்குச் சட்டையில் ஆறு சிப்பாய்கள். ஒருவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

கோயிலுக்குப் பின்னால் பெத்ரொனீலாவும் தொமாசாவும். இருந்தது ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி, அம்பு தைக்காமல் இருக்கப் போடுகிற தோலங்கி ஒன்று. பெயர் கூப்பிட்டதும் தோன் ஒருவர் இடப்பக்கமாகச் சுற்றிப்போய், துப்பாக்கியை உயர்த்தி, "ராஜா வாழ்க" என்று சொல்லிவிட்டு, வலப்பக்கமாகத் திரும்பி வருவார். வந்ததும் இவர்கள் ஆளை இறக்கி, அங்கியை உரித்து, அடுத்தவர்மேல் மாட்டுவார்கள். குதிரைக்கும் வேஷம் உண்டு. முதலில் மெல்ச்சோர் ஏறிப்போனபோது அது வெறும் பழுப்புக் குதிரை. சிரியாக்கோவுக்கு நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்கள். அடுத்தவனுக்கு நாலு காலிலும் அடுப்புக்கரி. பிறகு பொட்டை அழித்து முதுகில் சேற்றுப் புள்ளி.

தியோனீசியோ அங்கிக்குள் நுழையவில்லை.

"மூச்சை உள்ள இழுங்க," என்றாள் பெத்ரொனீலா.

"இழுத்துட்டேன்."

"அப்ப வயித்தை இங்க வச்சிட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஒருவழியாக முதுகுப்பக்கத் தையலைப் பிரித்து மாட்டி அனுப்பினார்கள். அவன் திரும்பி வரும்போது முதுகைக் காட்டாமல் இருப்பதற்காகக் குதிரையைப் பின்னோக்கி நடத்திக்கொண்டே வந்தான். அதை ஒரு புதுவகை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பின்னால் போனவர்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

முடிந்ததும் தோன் கஸ்பார் எழுந்தார். "இந்த மாகாணம் பூராவும் சுத்தியிருக்கேன்," என்றார். "வில்லாவிலேயே நாலு ஆளுக்கு ஒரு துப்பாக்கி. இங்க ஆளுக்கொண்ணு. ஆளுக்கொரு குதிரை. அதுவும் என்ன பழக்கம், பின்னால நடக்குது. ஆளுநர் சமவெளியில இருக்கற கொமாஞ்சிகள் மேல படையெடுக்கறார். மத்த ஊர்ல ஊருக்கு ரெண்டு பேரைக் கேட்டிருக்கோம். சான் ரோக்கேயில இருந்து பதினோரு பேரும் வரணும். இப்படி ஒரு ஊரை விட்டுட்டுப் போனா ஆளுநர் என்னைத்தான் கேப்பார்."

கை தட்டியது மெல்ச்சோர் மட்டும். அதுவும் பழக்கதோஷத்தில்.

அதிகாரிக்கு விருந்து மெல்ச்சோர் வீட்டில். முற்றத்தில் தோன்கள் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். மெல்ச்சோர் மட்டும் படையில் தனக்கு என்ன பதவி கேட்கலாம் என்று சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளே பெத்ரொனீலா ஆட்டுக்கறியை மிளகாய்ச் சாற்றோடு எடுத்து அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் பொய்முடியைக் கழற்றி முழங்காலில் மாட்டிவிட்டு வழுக்கைத் தலையோடு சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்சம் மனிதராகத் தெரிந்தார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள்: "ஐயா, ஊர்ல ஒரு துப்பாக்கிதான் இருக்கு. அதுவும் சுடாது."

"தெரியும் அம்மணி. காரம் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லாருக்கு."

"தெரியுமா?"

"ஆளுங்க மூஞ்சியை நான் அவ்வளவா பாக்கறதில்ல. ஆனா அந்தக் குதிரை இருக்கே, அஞ்சாவது தடவை வந்தப்ப என்னைப் பாத்துக் கொட்டாவி விட்டுது. எட்டாவது தடவை வந்தப்ப எனக்கே எழுந்து நின்னு அதுக்கு நாற்காலியைக் குடுக்கலாமான்னு தோணிச்சு."

"தெரிஞ்சும் எதுக்குக் கூப்பிடறீங்க? கையில ஒண்ணும் இல்லாம போய்ச் சாகவா?"

தோன் கஸ்பார் எலும்பைக் கீழே வைத்தார். "என்கூட எத்தனை சிப்பாய் வந்திருக்கான்?"

"ஆறு பேரு."

"முப்பது. நல்லா எண்ணிப் பாக்கணும். ஆறு பேரு இங்க நிக்கறான், மிச்சப்பேரு ஆளுநரோட சம்பளக் கணக்குல மட்டும் நிக்கறான். படையெடுக்கப் போறேன்னு ஆளுநர் மெக்சிகோவுக்குச் சொல்லிட்டார். மெக்சிகோ ராஜாவுக்குச் சொல்லிடுச்சு. இப்ப துப்பாக்கி இல்லைங்கற ஒரே காரணத்துக்காக இத்தனை பெரிய மனுஷங்களைப் பொய்யராக்க முடியுமா? படை போகும். கொமாஞ்சி ஓடுவான். அவனுக்குத் தெரியணும்னு அவசியமில்ல."

பெத்ரொனீலாவுக்குப் புரிந்தது. "அப்ப ஊரு?"

"ஜெயிச்ச ஊரை எவன் கலைப்பான்? நிலம் உறுதின்னு இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். ஒண்ணே ஒண்ணு. போர் முடியற வரைக்கும் உங்க ஆளுங்க ஊர்ல யார் கண்ணுலயும் படக்கூடாது. பாதிரியார் வருவார், ஆட்டு வியாபாரி வருவான். போருக்குப் போனவன் வாய்க்கால்ல கால் கழுவிட்டு நின்னா நல்லாயிருக்காது."

"எவ்வளவு நாளைக்கு?"

"மாதா திருநாள் வரைக்கும் வச்சுக்கலாம். அதுக்கு முன்னால ஜெயிச்சா நம்பமாட்டாங்க."

"அதுக்குள்ள கோதுமை அறுப்பு வந்துடும், ஐயா. யாரு அறுக்கறது?"

"போர்க்காலம் அம்மணி," என்று தோன் கஸ்பார் இன்னொரு ரொட்டியை எடுத்தார். "எல்லாரும் கஷ்டப்படத்தான் செய்யணும்."

ஞாயிற்றுக்கிழமை படை புறப்பட்டது. மெல்ச்சோர் முன்னால் குதிரையில். பின்னால் பத்துத் தோன்கள் நடந்து. தியோனீசியோ தன் போர்வையையும் தன் வீட்டு இரும்புச் சட்டியையும் கோவேறு கழுதைமேல் ஏற்றியிருந்தான். பெண்கள் வரிசையாக நின்று அழவேண்டும் என்று மெல்ச்சோர் சொல்லி வைத்திருந்தார். தொமாசாவுக்குச் சிரிப்பு வந்ததால் முகத்தை மூடிக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்க்க அது சரியாகவே இருந்தது. படை ஆற்றைக் கடந்து, திருப்பத்தில் மறைந்து, பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில் ஏறி, ஊருக்கு நேர் மேலே இருந்த குன்றின்மேல் ஆட்டுக்கொட்டகையில் முகாமிட்டது. அங்கிருந்து பார்த்தால் ஊர் உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரியும். ஊரிலிருந்து பார்த்தால் காலையிலும் மாலையிலும் அவர்கள் அடுப்புப் புகை தெரியும்.

முதல் வாரமே சிரியாக்கோ இருட்டு பிரியுமுன் இறங்கி வந்தான்.

"வறுத்த சோளமாவு தீந்துபோச்சு. படைக்கு ஆகாரம் வேணும்னு மெல்ச்சோர் சொல்லச் சொன்னாரு."

"எதிரிக்கிட்ட பிடுங்கித் திங்கறதுதானே படை?" என்றாள் தொமாசா.

"எதிரி இல்லையேடி."

"அப்ப என்ன படை?"

பெத்ரொனீலா ஒரு மூட்டை மாவு கட்டிக் கொடுத்தாள். "மேல சும்மாத்தானே இருக்காங்க? நாலு பேரு விடியறதுக்கு முன்னால வந்து அறுத்துக் குடுத்துட்டு ஏறிடக்கூடாதா? யாரு பாக்கப் போறா?"

"நானும் கேட்டேன் அக்கா. போர்க்களத்தை விட்டு வந்தா ஓடிவந்ததா ஆயிடும்னு சொல்றாரு."

கோதுமை அதற்காகக் காத்திருக்கவில்லை. பெண்கள்தான் அறுத்தார்கள். குனிந்த முதுகில் வெயில் பலகைபோல் படுத்துக்கிடந்தது. தாள் உள்ளங்கையைக் கீறி, கீறலில் வியர்வை பட்டு எரிந்தது. வாய்க்கால் தண்ணீரில் சோளமாவைக் கரைத்து வரப்பிலேயே குடித்தார்கள். மத்தியானம் இடி இடித்தது. மழை இறங்கினால் கதிர் கறுத்துவிடும் என்று இருந்த களைப்போடு ஓடியோடிக் கட்டுகளைக் கொட்டகைக்குள் சேர்த்தார்கள். பாதிரியார் ஒருநாள் கழுதையில் வந்து, ஆண்கள் போர்க்களத்தில் இருப்பதைக் கேட்டு மனமுருகிப் பிரார்த்தனை செய்தார். ஒரு கட்டையும் தூக்கவில்லை. களத்தில் கதிரைப் பரப்பி ஆடுகளை விரட்டி மிதிக்கவிட்டார்கள். வேலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது. வரப்பில் நின்று யோசனை சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம் என்று தொமாசா சொன்னாள்.

கோதுமையைத் தூற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் கிழக்கே தூசி எழும்பியது. கொமாஞ்சிகள் வந்தார்கள். இரண்டு வருஷமாக அறுப்பு முடிகிற சமயத்தில் வருகிறவர்கள்தான். ஆண்கள், பெண்கள், நாய்கள், குதிரைகளின்மேல் காட்டெருமைத் தோல்களும் உலர்ந்த கறியும். கோதுமைக்கும் சோளத்துக்கும் மாற்றிக்கொண்டு போவார்கள். அவர்களில் பெரியவர் தாபே. சந்தைகளில் பொறுக்கிய ஸ்பானியம் கொஞ்சம் பேசுவார். மீதியைக் கையால் பேசுவார், தொமாசா அதைச் சொல்லுவாள்.

பெத்ரொனீலா முற்றத்தில் ரொட்டி சுட்டுப் போட்டாள். தாபே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊரைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க ஆம்பளைங்க எங்க?"

பெத்ரொனீலா தொமாசாவைப் பார்த்தாள். தொமாசா தோளைக் குலுக்கினாள். "உள்ளதைச் சொல்லு. அவங்க கிட்ட பொய் சொல்ல நமக்கு யாரும் பட்டம் குடுக்கல."

"போருக்குப் போயிருக்காங்க," என்றாள் பெத்ரொனீலா.

"யார் மேல?"

"உங்க மேல."

தாபே ரொட்டியை மென்று முடித்தார். பிறகு குன்றுப்பக்கம் தாடையை நீட்டினார். "அந்தப் புகையா?"

"அதேதான்."

அவர் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கையால் ஏதோ கேட்டாள்.

"போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்கறா," என்றாள் தொமாசா. "பாவம், வெயில்ல கெடக்காங்களாம்."

"வேண்டாம்," என்றாள் பெத்ரொனீலா. "மாதா திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கு."

அவளும் சிரித்தாள். ஆனால் அளந்து போடும்போதும் தோலை விரித்துப் பார்க்கும்போதும் அவள் கண் குன்றுக்கே போய்க்கொண்டிருந்தது. விளிம்பில் சிறுசிறு தலைகள் எழும்பின, அமுங்கின. பார்த்துவிட்டார்கள். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்: தன் வீட்டு முற்றத்தில் கொமாஞ்சிகள், நடுவில் தன் பெண்டாட்டி. வியாபாரத்துக்கு வந்தார்களா வேறு எதற்காவது வந்தார்களா என்று அவ்வளவு உயரத்திலிருந்து சொல்ல முடியாது. அதுவும் படை எடுத்திருக்கிற வருஷத்தில்.

அரைநாழிகை இறக்கம்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ச்சோர் கையில் துப்பாக்கி வேண்டாம். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தாலும் போதும். கத்திக்கொண்டு வந்தாலும் போதும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவள் அவர் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

மத்தியானம் கடந்தது. தோல்கள் கைமாறின, கோதுமை கைமாறியது. வெயில் சாயும் நேரத்தில் குன்றுமேல் புகை மெலிந்து, சட்டென்று நின்றுபோனது.

"அணைச்சுட்டாங்க," என்றாள் தொமாசா. "தாங்க அங்க இருக்கறது தெரிஞ்சுடக்கூடாதுன்னு."

அடுப்பில் ரொட்டி கருகியது. பெத்ரொனீலா எடுத்து நாய்க்குப் போட்டாள். தாபே புறப்படும்போது, கணக்குக்கு மேலே உலர்ந்த கறியில் ஒரு பெரிய துண்டை அவள் கையில் வைத்தார். "போருக்கு," என்றார் சிரிக்காமல்.

மாதா திருநாளன்று படை வென்று திரும்பியது. பாதிரியார் வெளியே வந்து எதிர்கொண்டார். தியோனீசியோவின் கையில் கட்டு. கொதிக்கிற சட்டியைப் பிடித்துவிட்டான். அதை முத்தமிடப் பாதிரியாரோடு வந்திருந்த ஒரு கிழவி வந்தபோது அவன் மறுக்கவில்லை. தோன் கஸ்பாரின் ஆள் ஒருவன் வந்து, நிலம் உறுதியான செய்தியையும், மெல்ச்சோர் அனாயாவுக்குக் கொடிப்படைத் தலைவர் பதவி வந்திருப்பதையும் வாசித்தான். பூசை முடிந்து மெல்ச்சோர் கோயில் படியில் நின்று பேசினார்.

"இத்தனை நாளும் நாங்க எங்க இருந்தோம்னு சொல்ல ராஜாவோட அனுமதி இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். எதிரி இந்த ஊருக்குள்ளயே வந்தான். இதோ, இந்த முற்றங்கள் வரைக்கும் வந்தான். ஒரு பொம்பளை மேல ஒரு விரல் பட்டுச்சா? ஏன் படல? மேல இருந்து எங்க கண்ணு அவன் மேலயே இருந்துச்சு. ஒரு நொடி நாங்க கண்ணை எடுக்கல. அந்தப் பார்வைக்குப் பயந்து ஓடினான்."

ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சிரியாக்கோ மட்டும் தொமாசா நின்ற பக்கம் பார்க்காமல் தலையாட்டினான். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தலைவர் கால் நீட்டி உட்கார்ந்தார். போரில் இருந்து வந்தவன் சில நாளைக்கு வயல்பக்கம் போகக்கூடாது, அது வழக்கம் என்றார். பெத்ரொனீலா கிண்ணத்தை முன்னால் வைத்தாள். அவர் பசியோடு இரண்டு வாய் தின்றார். மூன்றாவதில் நிறுத்தினார்.

"ஆட்டுக்கறி இல்லையே இது."

"காட்டெருமை."

"நம்ம ஊர்ல ஏது காட்டெருமை?"

"நீங்க தோக்கடிச்சவங்க குடுத்துட்டுப் போனாங்க."

மெல்ச்சோர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார்.

"உப்புச் சரியா இருக்கு," என்று சொல்லி, இன்னொரு துண்டுக்குக் கிண்ணத்தை நீட்டினார்.